கயிற்றுக்காரி போன பட்டிகள்

பன்றிப் பண்ணைகளில் அவளுக்குக் கயிற்றுக்காரி என்று பெயர். அவள் வேலையில் ஊசி இல்லை, ரத்தம் இல்லை. பட்டிக்குள் மூக்கெட்டும் உயரத்தில் பருத்திக் கயிற்றைக் கட்டிவிட்டால் பன்றிகளே மென்று தள்ளும். ஊறிய கயிற்றை உறை போட்ட கையால் பிழிந்து, எச்சிலைப் புட்டியில் பிடித்து, கால்நடை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோவாள். உடம்புக்குள் நாடாப்புழுவின் குட்டி இருந்தால் எச்சில் காட்டிக்கொடுத்துவிடும். பன்றிகளுக்கு அவளைக் கண்டால் அப்படியொரு குஷி. "கட்டினவன்கூட என்னை இப்படி ஓடிவந்து வரவேற்றதில்லை" என்பாள்.

கட்டினவன் தையல்காரன். வீட்டு முன்னறையில்தான் மிஷின். சில மாதங்களாக, தைத்துக்கொண்டிருக்கும்போதே அவன் கால் நின்றுவிடும். "பின்னாடி யாரோ நிக்கிறாங்க" என்பான். பின்னால் சுவர்தான் இருக்கும். அப்புறம் வாய் கோணும், கை வெட்டி இழுக்கும். நாத்தனார் வந்து பார்த்துவிட்டுக் காத்து கருப்பு என்றாள். கயிற்றுக்காரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"காத்துமில்ல, கருப்புமில்ல. டாக்டர்கிட்ட போறோம்."

டாக்டர் ஸ்கேனில் வெள்ளைப் புள்ளிகளைக் காட்டினார். மூளைக்குள் நாடாப்புழுக் குட்டிகள். "முட்டை எங்கிருந்தோ இவர் வயித்துக்குள்ள போயிருக்கு. அதை நிறுத்தலைன்னா மருந்து குடுத்தும் பிரயோஜனமில்ல. உயிருக்கே ஆபத்தாயிடும்."

அவன் பன்றிக்கறியைத் தொட்டதே இல்லை. அவள்தான் பண்ணைகளில் அரைகுறையாக வாட்டித் தருவதை ஒரு கை பார்ப்பாள். எந்தப் பட்டியிலிருந்தோ தன் புடவையில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வருகிறது என்று முடிவு கட்டினாள். அந்தப் பாழாய்ப்போன பட்டியைக் கண்டுபிடிக்காமல் விடுவதில்லை.

முதல் சுற்றில் அவள் கயிறு கட்டிய பண்ணை எல்லாம் சுத்தம். அடுத்த சுற்றில் ஒவ்வொன்றாகப் புழு தென்பட்டது. முதல் சுற்றில் பூட்டிக் கிடந்ததால் அவள் நுழையாத ஒரு பண்ணை மட்டும் சுத்தமாக இருந்தது.

கடைசிப் பண்ணையில் மேஸ்திரி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். "தப்பா நினைக்காதீங்கக்கா. நீங்க வந்துட்டுப் போனாத்தான் வருது." சிரித்துக்கொண்டேதான் சொன்னான், கதவைத் திறக்கவில்லை. அவனுக்குப் பின்னால் பட்டியில் ஒரு உறுமல் இல்லை. பழைய கயிற்றுத் துண்டு அப்படியே தொங்க, பன்றிகள் அத்தனையும் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தன.

ஆய்வுக்கூடத்து அதிகாரியம்மாவிடம் போய்க் கொட்டித் தீர்த்தாள். அந்த அம்மா நிதானமாகச் சொன்னார்: "பன்னி உடம்புல இருக்கிறது குட்டிதான்மா. முட்டை போடற பெரிய புழு மனுஷங்க குடல்லதான் இருக்கும். யாரோ ஒருத்தர் பட்டி பட்டியா போறாங்க."

பஸ்ஸில் உட்கார்ந்து ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தாள். வேலையாட்கள் அவரவர் பண்ணையைத் தாண்டுவதில்லை. தீவன லாரிக்காரன் வண்டியை விட்டே இறங்கமாட்டான். கை தன்பாட்டுக்கு மடியிலிருந்த கயிற்றின் நுனியைக் குஞ்சம்போலப் பிரித்துக்கொண்டிருந்தது; குஞ்சம் இருந்தால்தான் பன்றிகள் ஆசையாகக் கவ்வும். கயிற்றை அவிழ்க்கும்போது உறை போடுவாள். கட்டும்போது போட்டதே இல்லை. புதுக்கயிறு சுத்தம்தானே?

விரல்கள் அப்படியே நின்றன.

மறுநாள் காலையில் பன்றிச் சாணம் எடுக்கும் டப்பாவில் தன்னுடையதையே எடுத்துக்கொண்டு போனாள். அதிகாரியம்மா அதைக் கண்ணாடித் துண்டில் தடவிப் பார்த்துவிட்டு, நகர்ந்து இடம் விட்டார். அவள் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தாள். தடித்த ஓட்டோடு உருண்டை உருண்டையாக முட்டைகள்.

"உனக்கு மாத்திரையிலேயே சரியாயிடும்மா" என்றார் அந்த அம்மா.

அவளுக்கு அது காதில் ஏறவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவள்தான் சாப்பாட்டைப் பிசைந்து முதல் கவளத்தை அவனுக்கு ஊட்டிவிடுகிறாள். எத்தனை ஆசையாக ஊட்டினாள்.

வீட்டுக்கு வந்தபோது மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு அவனுக்குப் பின்னால் போய் நின்றாள். அவன் கால் நின்றது. கழுத்து விறைத்தது.

"பின்னாடி யாரோ நிக்கிறாங்க" என்றான் மெதுவாக.

அவன் தோளைத் தொடப் போனவள் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"நான்தாங்க" என்றாள். "இத்தனை நாளும் நான்தான்."