மேல்வீட்டுக்காரர் எழுதிய 'சரி'

துறைமுகத்தில் என் அக்கா வீட்டுக்காரரை எல்லோரும் மேல்வீட்டுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். நாற்பது மீட்டர் உயரத்தில், கிரேனின் கண்ணாடிக் கூண்டுக்குள் முப்பது வருடம் உட்கார்ந்தவர். காலையில் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் இறங்குவார். நான் கீழே கொக்கி மாட்டுகிறவன். அவர் இறங்கினால் எங்கள் வேலை மொத்தமும் நின்றுபோகும். அதனால் இறங்காமல் இருப்பதில் அவருக்கு ஒரு வீம்பு.

அறுபதை நெருங்கியபோது அந்த வீம்பு ஆட்டம் கண்டது. ஒரு ஷிப்டில் ஐந்து முறை இறங்கினார். கழிப்பறையில் கால்மணி நேரம் நின்றாலும் சொட்டுச் சொட்டாகத்தான் போகும். மனிதர் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டார். உதடு வெடித்துப்போன முகத்தோடு "வெயில்பா" என்பார். எனக்கு எரிச்சலாக வரும், பாவமாகவும் இருக்கும்.

அக்காதான் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள், துணைக்கு நானும். டாக்டர் இளம்பெண் என்றதும் மாமா சுவரில் இருந்த படத்தைப் பார்த்தே பதில் சொன்னார். புராஸ்டேட் சுரப்பி பெருத்து சிறுநீர் போகும் பாதையை நெருக்குகிறது என்றார் டாக்டர். மாத்திரையோடு ஓர் அளவுக் குவளையும் அட்டவணைத் தாளும் கொடுத்தார். அடுத்த முறை வருவதற்கு முன், மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் மணி, அளவு, சிரமம் எல்லாம் எழுத வேண்டும்.

மாமா எழுதிக் கொண்டுவந்தார். வரிக்கு வரி ஒரே சொல். சரி. சரி. சரி.

"அப்ப மாத்திரையே போதும்போல இருக்கு" என்று டாக்டர் அரை மனதோடு சொன்னார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது கிரேன் நோட்டுப் புத்தி. ஷிப்ட் முடிந்ததும் ஆபரேட்டர் நோட்டில் எழுத வேண்டும். 'லேசாகச் சத்தம்' என்று எழுதிவிட்டால் சோதனை முடியும்வரை கிரேன் நிற்கும். ஆகவே கை தானாகவே 'சரி' போடும். மாமா தன் உடம்புக்கும் அதையே போட்டிருந்தார்.

அக்கா கைப்பையிலிருந்து நாள்காட்டித் தாளை எடுத்து மேஜையில் வைத்தாள். கட்டம் கட்டமாகப் பென்சில் கோடுகள்.

"ராத்திரி இவர் எந்திரிச்சது, டாக்டர். ஆறு, ஏழு, ஒருநாள் ஒன்பது. நான் தூங்குறேன்னு நெனச்சிட்டிருக்கார்."

மாமா அவளைப் பார்த்தார். "நீ தூங்கலையா?" என்று மட்டும் கேட்டார்.

உடனே ஸ்கேன் எடுத்தார்கள். போய்விட்டு வந்த பிறகும் சிறுநீர்ப்பையில் பாதிக்கு மேல் தேங்கி நின்றது. சிறுநீரகமும் வீங்கத் தொடங்கியிருந்தது.

"இன்னும் கொஞ்ச நாள் சரின்னு எழுதியிருந்தா கிட்னி போயிருக்கும்" என்றார் டாக்டர். பிறகு பொறுமையாக விளக்கினார். சதையை வெட்டாமல் கிளிப் போட்டு ஒதுக்குவது ஒரு முறை, சீக்கிரம் வேலைக்குப் போகலாம்.

"அதையே போடுங்க" என்று மாமா முந்திக்கொண்டார்.

"உங்க சுரப்பி ரொம்பப் பெருசுங்க, கிளிப்பு பத்தாது."

உள்ளே குழாய் விட்டுச் சுரண்டி எடுப்பது பழகிய முறை. ஆனால் மாமா இதயத்துக்காக ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர், ரத்தப்போக்கு பயம். லேசரில் அது குறைவு. ஆரஞ்சுத் தோலை விட்டுச் சுளையை மட்டும் எடுப்பதுபோல எடுத்துவிடுவார்கள். கொஞ்ச நாள் அடக்க முடியாமல் கசியலாம்.

"இன்னொன்னு, உறவு வெச்சுக்கும்போது விந்து வெளியே வராது, சிறுநீர்ப்பைக்குள்ள போயிடும். ஆபத்தில்லை."

மாமா மறுபடி சுவர்ப் படத்துக்குப் போய்விட்டார்.

"மத்ததெல்லாம்?" என்று கேட்டாள் அக்கா.

"பெரும்பாலும் பழையபடிதான்."

"அப்ப லேசரே பண்ணிடுங்க."

நான் என் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆபரேஷனுக்குப் பிறகு ஆறு வாரம் கசிந்தது. இனி மேலே ஏற முடியாதோ என்று மனிதர் உடைந்துபோனார். ஆனால் புது அட்டவணையில் முதல் வரி இப்படி இருந்தது: 'காலை ஆறு மணி. அடக்க முடியவில்லை. பேன்ட் நனைந்தது.' அதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது.

எட்டாவது வாரம் தண்ணீர் பாட்டிலோடு கூண்டுக்கு ஏறினார். மாலையில் கிரேன் நோட்டில், 'பதினொரு மணிக்கு இறங்கினேன். பத்து நிமிடம்.'

"இதெல்லாம் எதுக்குய்யா எழுதுறீங்க?" என்று மேற்பார்வையாளர் சிரித்தார்.

"இறங்குனேன்ல" என்றார் மாமா.

அடுத்த விடுமுறை நாளில் வீட்டுக்குப் போனேன். காலை எட்டரை மணி. மாமா கதவைத் திறந்து, உதட்டில் விரலை வைத்தார்.

"மெதுவாப் பேசு. உங்க அக்கா இன்னும் தூங்குறா."