அம்மாவின் இரண்டு ஒப்பரேசன்

எங்கள் வீட்டில் ஒப்பரேசன் என்றால் ஆமி குண்டு பொழிந்துகொண்டு முன்னேறி வருவது. அம்மா சிறு பெட்டையாக இருந்தபோது அப்படியொரு ஒப்பரேசனில் உடுவில் ஊரே வெறுமையாகி, சனம் கொட்டும் மழைக்குள் கொடிகாமம் நோக்கி நடந்ததாம். "நீங்கள் நடவுங்கோ, நான் மாட்டை அவிட்டு விட்டிட்டு வாறன்" என்று பின்னால் நின்ற அம்மாவின் அண்ணன், என் பெரியமாமா, வரவேயில்லை. சுவரில் படமாக மட்டுமே எனக்கு அவரைத் தெரியும். அந்தப் படத்துக்கு மாலை போட அம்மா ஒருவரையும் விட்டதில்லை.

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது அம்மாவின் பித்தப்பையில் கல் என்றார்கள். ஒப்பரேசன் செய்யவேண்டுமாம். அம்மா அன்றே பை அடுக்கினா. காணி உறுதி, எனதும் தம்பியினதும் பிறப்புப் பத்திரங்கள், டோர்ச், வறுத்த மா. ஆஸ்பத்திரிக்கு மா எதற்கு என்று நான் கேட்டேன். அப்பா என்னை முறைத்துவிட்டுப் பையைத் தூக்கி ஓட்டோவில் வைத்தார்.

பக்கத்துக் கட்டிலில் கடற்கரைப் பக்கத்து அக்கா ஒருவர். அவவுக்கும் அதே கல், அதே நாள், அதே டொக்டர். பையைப் பார்த்துவிட்டு, "என்ன தங்கச்சி, ஒப்பரேசனுக்கு வந்தனியோ, குடியிருக்க வந்தனியோ?" என்றா. வார்டே சிரித்தது. அம்மா பையை இன்னும் கிட்ட இழுத்து வைத்தா.

அம்மாவை வண்டிலில் வைத்து ஒப்பரேசனுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது, வாறன் என்று சொல்லிவிட்டுப் போகும்படி அப்பா கெஞ்சினார். அம்மா கடைசிவரை அந்தச் சொல்லைச் சொல்லவில்லை.

மறுநாள் அந்த அக்கா யன்னலடி வரை நடந்து போய்த் தேத்தண்ணி குடித்தா. அம்மாவால் திரும்பிப் படுக்கவும் முடியவில்லை. தொட்டாலே அலறினா. காயம் வடிவாக இருக்கிறது, இருவருக்கும் ஒரே மருந்துதான் என்றார் டொக்டர். எழும்பி இருந்து இருமாவிட்டால் நெஞ்சில் சளி கட்டி ஆபத்தாகிவிடும் என்று நேர்ஸ் அப்பாவை ஏசினா. போகிற போக்கில் டொக்டர், ஒப்பரேசனுக்கு முன்னம் ஆள் நன்றாகப் பயந்தவவோ என்று கேட்டார்.

"அவ பாம்படிக்கிற ஆள், டொக்டர்" என்றார் அப்பா. வயிற்றுக் காயத்துக்கும் பயத்துக்கும் என்ன தொடர்பு என்று எனக்கும் விளங்கவில்லை. எங்கள் விஞ்ஞானப் புத்தகத்தில் அப்படியொன்றும் இருக்கவில்லை.

பின்னேரம் அம்மாவுக்குக் காய்ச்சல் தொடங்கியது. மூச்சு மேலாலேயே போய் வந்தது. அப்பா முதுகுக்குக் கை கொடுத்தார். அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு கட்டில் சட்டத்தை விடாமல் பிடித்தா. பிறகு கண்ணைத் திறக்காமலே கேட்டா:

"எல்லாரும் வந்து சேந்திட்டினமோ?"

அப்பா மறுபக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கோ அது லேசான கேள்வி. அப்பா நிற்கிறார், தம்பி நிற்கிறான், நான் நிற்கிறேன்.

"ஓம் அம்மா, எல்லாரும் வந்திட்டம்."

"மாடு அவிட்டாச்சோ?"

வீட்டில் நின்ற எங்கள் பசு சிவப்பியை அப்பா காலையிலேயே அவிழ்த்து மேயக் கட்டியிருந்தார்.

"ஓம், அது காலமையே அவிட்டாச்சு."

சட்டத்தைப் பிடித்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாக விட்டன. அம்மா அப்பாவின் தோளைப் பிடித்து முனகி முனகி எழுந்து இருந்தா. வயிற்றைப் பொத்திக்கொண்டு ஒருமுறை இருமினா. இன்னொருமுறையும் இருமினா. பக்கத்துக் கட்டில் அக்கா, "அப்பாடா, இனிப் பையோடை ஓடுவா" என்றா.

அம்மா அதைக் கேட்கவில்லை. வார்டு வாசலைப் பார்த்தபடி, நோவோடு சற்று அரக்கி நகர்ந்து, கட்டிலில் ஓராள் இருக்க இடம் விட்டா. எனக்குத்தான் என்று நினைத்து ஏறி இருந்தேன்.