ஒன்று, பத்து, இரண்டு

எங்கள் கோவில் செயலாளருக்கு இயந்திரம் என்றால் உயிர். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அது இன்னும் முற்றிவிட்டது. மணியடிக்க மோட்டார் வைத்தார். செருப்பு விடும் இடத்தில் நீல விளக்கு போட்டார். போன வருஷம் பகா டவுனில் மூடிப்போன ஒரு கிளினிக்கிலிருந்து, நோயாளிகளை வரிசையாகக் கூப்பிடும் இயந்திரத்தைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். ஒரு பெரிய திரை, ஒரு பெட்டி. அடுத்தவர் முறை வந்தால் ‘டிங் டாங்’ என்று சத்தம் போட்டுப் பெயரைக் காட்டும். திருவிழாவன்று பால்குடம் ஊற்ற வரும் குடும்பங்களை இனி அதுதான் கூப்பிடுமாம்.

“அம்மனுக்கு முன்னால டாக்டர் ரூம் மணியா, அங்கிள்?” என்று கேட்டேன்.

“இப்பெல்லாம் எல்லாம் சிஸ்டம்லா,” என்றார்.

கோவில் லிங்கி பக்கம், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்துக்குள் இருக்கிறது. தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களை எப்போதோ இடித்துவிட்டார்கள். நாங்கள் எல்லாரும் லுக்குட், சிரம்பான் என்று டவுன் வீடுகளுக்குப் போய்விட்டோம். ஆனால் திருவிழாவுக்குக் காரை விட்டு இறங்கிய அடுத்த நிமிஷம் அவரவர் பழைய எண்ணுக்குத் திரும்பிவிடுவோம். மொத்தம் பத்துக் குடும்பம். குடும்பம் என்றால் கிளைகளோடு சேர்த்து. ஒன்றாம் எண், மண்டோர் குடும்பம். தாத்தன் காலத்தில் வேலைக்காரர்களை மேய்த்தவர்கள். இரண்டாம் எண், செயலாளர் குடும்பம். அப்படியே இறங்கிக்கொண்டே வந்தால் பத்தாவது நாங்கள். நாங்கள் கடைசியாகக் கப்பலேறி வந்தவர்கள், அதனால் கடைசி எண் என்பார்கள். தோட்டத்துக் கக்கூஸ் கழுவிய குடும்பம் என்று யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. வரிசையே சொல்லிவிடும்போது வாய் எதற்கு?

காலை ஏழு மணிக்கு ஆற்றங்கரையில் பால்குடம் எடுக்கும் என் அம்மா, அதை அம்மன் மேல் ஊற்றும்போது மத்தியானம் இரண்டு தாண்டிவிடும். அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது, இரண்டு முட்டியிலும் வலி. எனக்கு ஒவ்வொரு வருஷமும் பற்றிக்கொண்டு வரும். “சாமி காரியத்துல என்னடி முன்ன, பின்ன,” என்று அம்மா என் வாயை அடைத்துவிடுவாள்.

செயலாளரின் இயந்திரத்துக்கு ஒரு குணம். எக்ஸ்எம்எல் கோப்பைத் தவிர வேறு எதையும் தின்னாது. எனக்குச் செம்பனை ஆலை அலுவலகத்தில் வேலை. லாரி எடை மேடையிலிருந்து வரும் கோப்புகளைப் பைத்தான் என்ற கணினி மொழி நிரலால் படித்து, தலைமையகம் கேட்கும் எக்ஸ்எம்எல்லாக எழுதி அனுப்புவதுதான் என் பிழைப்பு. அதனால் செயலாளர் நேராக என்னிடம் வந்தார். குடும்பங்களின் விவரம் ஒரு பழைய எக்ஸ்எம்எல் கோப்பில் இருக்கிறது, அவருடைய மருமகன் செய்தது, அதைப் படித்துப் புதிய இயந்திரத்துக்கு ஏற்றபடி ஒன்று எழுதித் தர வேண்டும். மருமகன் பெரிய மூளைக்காரர் என்றார். கோப்பைத் திறக்கும்வரை நானும் நம்பினேன்.

எக்ஸ்எம்எல் ஒன்றும் பெரிய வித்தையில்லை. ஒவ்வொரு தகவலும் பெயர் எழுதிய டப்பாவுக்குள் இருக்கும், டப்பாக்கள் ஒன்றுக்குள் ஒன்று இருக்கும், திறந்ததை எல்லாம் ஒழுங்காக மூட வேண்டும். மருமகன் ஆறாம் குடும்பத்தை மூட மறந்திருந்தார். அதனால் ஏழாம் குடும்பம் மொத்தமும் ஆறாம் குடும்பத்துக்குள்ளேயே குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. பெயர்களுக்கு நடுவில் சும்மா இருக்கட்டும் என்று ‘&’ போட்டிருந்தார். எக்ஸ்எம்எல்லில் அந்தக் குறிக்குத் தனி வேலை உண்டு, கண்ட இடத்தில் போட்டால் நிரல் படிக்கவே மறுத்துவிடும். அதையெல்லாம் சரிசெய்து எழுத வைத்தால், தமிழ்ப் பெயரெல்லாம் எண்களாகச் சிதறி வந்தன. எந்த எழுத்துமுறையில் எழுத வேண்டும் என்று சொல்ல நான்தான் மறந்திருந்தேன். மருமகனை மனதுக்குள் கொஞ்சம் மன்னித்தேன்.

கடைசியாக வரிசை. கோப்பில் குடும்பங்கள் கன்னாபின்னாவென்று கிடந்தன. எண்ணை வைத்து அடுக்கச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அது. சமையலறை மேசைக்கு எதிர்ப்பக்கம் அம்மா முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிரல் ஓடியது. திரையில் வந்தது: ஒன்று, பத்து, இரண்டு, மூன்று, நான்கு.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. எக்ஸ்எம்எல்லிலிருந்து படித்தது எதுவாக இருந்தாலும் பைத்தானுக்கு அது எழுத்துதான், எண் இல்லை. அகராதியில் ‘அ’வில் தொடங்கும் சொல்லெல்லாம் ‘ஆ’வுக்கு முன்னால் வருவதுபோல, 1-இல் தொடங்கும் 10, 2-க்கு முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டது. இதை எண்ணாகப் பார் என்று ஒரு சொல் சேர்த்தால் சரியாகிவிடும். ஆலையில் இதே தப்பைச் செய்து மேலாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவள் நான். கண்ணை மூடிக்கொண்டு திருத்துவேன்.

கண்ணை மூடிக்கொண்டேன். திருத்தவில்லை.

“என்னடி தனியா சிரிக்கிற?” என்றாள் அம்மா.

“ஒன்னுமில்லம்மா. வேல முடிஞ்சிருச்சு.”

மறுநாள் செயலாளர் கோப்பை இயந்திரத்தில் போட்டுப் பார்த்தார். டிங் டாங், முதலாம் குடும்பம் என்று மண்டோர் வீட்டுப் பெயர் வந்தது. “பாகுஸ், நல்லா வந்திருக்கு!” என்று என் முதுகில் தட்டிவிட்டு மூடிவிட்டார். முதல் பெயர் சரியாக இருந்தால் மற்றது தானாகச் சரியாக இருக்கும் என்பது எங்கள் நிர்வாகத்தின் நம்பிக்கை.

திருவிழா அன்று வெயில் மண்டையைப் பிளந்தது. மண்டோர் குடும்பம் ஊற்றி முடித்தது. செயலாளரின் மனைவி பட்டுப்புடவையில், குடத்தோடு, ஒரு காலைப் படியில் வைத்துத் தயாராக நின்றார். டிங் டாங். செயலாளர் திரையைப் பார்த்து மைக்கில் கம்பீரமாகப் படித்தார்: “அடுத்ததாக, பத்தாம் குடும்பம்!” படித்து முடித்த பிறகுதான் அவருக்கே காதில் விழுந்தது. அந்த முகத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். மனைவி படியில் வைத்த காலை எடுத்துக் கீழே வைத்தார்.

“ரோசாக்கா இது, கெட்டுப்போச்சா?” என்று செயலாளர் பெட்டியைத் தட்டினார். அதற்குள் பூசாரி உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். “சந்நிதியில கூப்பிட்டாச்சு. திருப்பி அனுப்பக்கூடாது. வரச் சொல்லுங்க.” அது எங்கள் கோவில் வழக்கம். அம்மன் காதில் விழுந்த பெயரை மாற்றிச் சொல்ல முடியாது. இது எனக்கு முன்பே தெரியும் என்பதையும் இங்கே ஒத்துக்கொள்கிறேன்.

கொட்டகையின் கடைசியில், சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்த அம்மா யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று சுற்றும்முற்றும் பார்த்தாள். “நம்மளத்தாம்மா,” என்றேன். அம்மா நம்பவில்லை. இரண்டாவது முறை சொன்ன பிறகு எழுந்து, குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு, ஒன்பது குடும்பத்துக்கும் நடுவில் நடந்து போனாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. சிரிப்புதான் அதிகம்.

கூத்து அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். இரண்டு வாரம் கழித்துக் கோவில் மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். செயலாளர் எழுந்தார்.

“கம்ப்யூட்டர் கோளாறு. யாரையும் குத்தம் சொல்லல. ஆனா வரிசை தப்பினது தப்புதான். முறையில்லாம ஏறிப் போனதுக்கு, பத்தாம் குடும்பத்து சார்புல அந்த அம்மா வந்து ஒரு பரிகார பூஜை செஞ்சு மன்னிப்புக் கேட்டுட்டா, எல்லாருக்கும் மனசு சரியாயிரும். சரின்னா கை தூக்குங்க.”

கைகள் எழ ஆரம்பித்தன. அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அவளும் கையைத் தூக்கப் போகிறாள் என்று தெரிந்ததும் என் குறும்பெல்லாம் எங்கோ போய்விட்டது. நான் விளையாடியதற்கு அம்மா மன்னிப்புக் கேட்பதா?

எழுந்து நின்றேன். “கோளாறு இல்ல, அங்கிள். வரிசை அப்படித்தான் வரும்னு எனக்கு முன்னாலயே தெரியும். ஒரு சொல்லு சேர்த்தா சரியாயிருக்கும். தெரிஞ்சுதான் சேர்க்கல. பரிகாரம் செய்யணும்னா நான் செய்றேன். எங்கம்மா செய்ய மாட்டாங்க.”

செயலாளர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கத்தவில்லை, நிஜமாகவே மனது நொந்த குரலில் கேட்டார். “ஏம்மா? எல்லாரும் சாமிக்குத்தானே ஊத்துறோம். முன்ன ஊத்தினா என்ன, பின்ன ஊத்தினா என்ன?”

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அப்போது அம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். கோவில் கூட்டத்தில் அவள் பேசி நான் பார்த்ததே இல்லை.

“பால் திரிஞ்சு போயிருதுங்க,” என்றாள். “காலையில புடிச்ச பால். ரெண்டு மணி வெயில் வரைக்கும் தாங்க மாட்டேங்குது. வேப்பிலைய மேல போட்டு மூடித்தான் கொண்டு போவேன். கல்யாணமாகி வந்ததுலேர்ந்து திரிஞ்ச பாலத்தான் ஆத்தா மேல ஊத்திக்கிட்டிருக்கேன். இந்த வருசந்தான் நல்ல பால் ஊத்தினேன்.”

எனக்கே தெரியாது. பக்கத்தில் நடந்து போயிருக்கிறேன், குடத்துக்குக் கை கொடுத்திருக்கிறேன். அம்மா என்னிடம்கூடச் சொன்னதில்லை. வெட்கப்பட்டிருக்கிறாள்.

ஒன்பதாம் குடும்பத்துப் பெரியம்மா, உட்கார்ந்த இடத்திலிருந்தே மெதுவாகச் சொன்னார். “எங்களுதும்தான். எங்க வீட்டுப் பால் மட்டுந்தான் அப்படி ஆவுது, நம்மகிட்டதான் ஏதோ குத்தம்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்.” எட்டாம் குடும்பத்து அண்ணன் தரையைப் பார்த்தபடி, “எங்களுதும்,” என்றார். ஏழாம் குடும்பத்திலிருந்து யாரோ தலையாட்டினார்கள். தூக்கிய கைகள் ஒவ்வொன்றாக இறங்கின.

முன்வரிசையில் மண்டோர் வீட்டுப் பெரியவர் உட்கார்ந்திருந்தார். எண்பது வயது, நல்ல மனிதர், யாரையும் ஒரு வார்த்தை கடிந்து பேசாதவர். பிறந்ததிலிருந்து முதல் குடத்தைத் தவிர வேறு குடம் தூக்காதவர். அவர் மெல்லத் திரும்பி எங்கள் எல்லாரையும் பார்த்தார். முகத்தில் கள்ளம் துளியும் இல்லை.

“பால் திரியுமா?” என்று கேட்டார்.