‘நான்தான் போகச் சொன்னேன்’ என்றவர்

சென்ற செவ்வாய்க்கிழமை ஷார்ஜா தொழில்பேட்டையில் ஓர் உணவகத்துச் சமையலறையில் ஏசி மாட்டிக்கொண்டிருந்தபோது என் கடைக் கூட்டாளி கலியமூர்த்தியின் அழைப்பு வந்தது. எடுத்தேன். பின்னால் யாரோ அரபியில் சத்தமாகப் பேசுவது கேட்டது.

“எங்கடா இருக்க?”

“ஆஸ்பத்திரிலண்ணே. நெய்னா பாய் போயிட்டாரு.”

வேலை பார்க்கும் கடையில் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டாராம். ஆம்புலன்ஸ் வந்தபோதே உயிர் இல்லை. ஏணியிலிருந்து இறங்கி, உணவக முதலாளியிடம் விஷயத்தைச் சொன்னேன். மலையாளி அவர். போய் அடுப்பை அணைத்தார். அந்த உணவகத்துக்கு இடம் பிடித்துக் கொடுத்ததே நெய்னா பாய்தான் என்று பிறகு சொன்னார். இத்தனை வருஷப் பழக்கத்தில் எனக்கு அது தெரியாது.

கீழக்கரை நெய்னா முகம்மது அவர்களைத் தொழில்பேட்டையில் பலருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். தையல் கடை, சலவைக் கடை, டயர் கடை, மெஸ் என்று இங்கே நம் ஆட்கள் சொந்தமாக நடத்தும் பல இடங்களின் தொடக்கத்தில் அவர் இருந்திருக்கிறார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் அப்போது சொந்தமாக வைத்திருந்த உதிரிபாகக் கடையிலேயே உட்கார்ந்து, தொழில் தொடங்க நினைப்பவர்களைச் சந்திப்பார். இனிமையாகப் பேச மாட்டார். பாதிப் பேரைத் திட்டித் திருப்பி அனுப்பிவிடுவார். “ஊர்ல இருக்குற நெலத்த வித்து இங்க கடை போடுறேன்னு வந்தா என் கண்ணுலயே படாதே” என்று அவர் கத்தியதை நானே கேட்டிருக்கிறேன். அப்படித் திட்டு வாங்கிய ஒருவர் நேற்று அடக்கத்துக்கு வந்து முன்வரிசையில் நின்றார்.

நான் அவரை முதலில் பார்த்தது எங்கள் தொழிலாளர் கேம்ப்பில். அரியலூர்ப் பக்கமிருந்து கட்டட வேலைக்கு வந்தவன் நான். எங்கள் கம்பெனி முதலாளி ஒருநாள் நாட்டை விட்டே ஓடிவிட்டார். கேம்ப்பில் மின்சாரத்தைத் துண்டித்தார்கள். விசா காலாவதியாகிக்கொண்டிருந்தது. ஆகஸ்ட் மாதப் புழுக்கத்தில் மொட்டை மாடியில் படுத்துக் கிடந்தோம். இங்குள்ள தமிழ்ச் சங்கத்துக்காரர்கள் சாப்பாட்டுப் பொட்டலங்களோடு வந்தார்கள். அவர்களோடு வந்தவர் நெய்னா பாய். பொட்டலத்தை வாங்க வரிசையில் நின்ற என்னைக் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார்.

“சோறு இன்னைக்கி வரும், நாளைக்கும் வரும். அடுத்த மாசம் ஒருத்தனும் எட்டிப் பாக்க மாட்டான். ஒனக்கு என்ன வேலை தெரியும்?”

“கம்பி கட்டுவேன் பாய்.”

“அதுக்கு இப்ப ஆள் எடுக்கல. வேற?”

எனக்கு வேறெதுவும் தெரியாது. பக்கத்தில் நின்ற முருகேசன்தான், “கேம்ப்புல ஏசி நின்னுபோனா நான்தான் பாக்குறது பாய்” என்றான். விருத்தாசலத்துப் பக்கத்துக்காரன். எங்கும் முறையாகப் படித்ததில்லை. பிரித்துப் பிரித்துப் பார்த்தே கற்றுக்கொண்டவன். பாய் அவனை மேலும் கீழும் பார்த்தார். “சரி, இவன் வேலையப் பாக்கட்டும். நீங்க ரெண்டு பேரும் இவன்கிட்ட கத்துக்கங்க” என்று என்னையும் கலியமூர்த்தியையும் காட்டினார். எங்கள் கடை அந்த மாடியில்தான் தொடங்கியது.

உரிமத்துக்குப் பொறுப்பேற்கும் உள்ளூர்க்காரரை இங்கே கஃபீல் என்போம். பாய் தன் கஃபீலிடம் போய் எங்களுக்காகப் பேசினார். ஏசி பழுதுபார்க்கும் கடைக்கான உரிமத்தைத் தன் பெயரில் எடுத்தார். எங்கள் மூவரின் விசாவையும் அதன்கீழ் மாற்றினார். வருமானத்தில் மூன்று பேருக்கும் சம பங்கு என்று முதல் நாளே சொல்லிவிட்டார். சங்கத்தில் சிலருக்கு இது பிடிக்கவில்லை. “லேபர்க்காரனுகள நம்பி உங்க பேர அடமானம் வைக்கிறீங்களே” என்று ஒரு பெரியவர் என் காதுபடவே கேட்டார். “என் பேருக்கு வேற என்ன உபயோகம் இருக்கு?” என்றார் பாய்.

சில வருஷங்கள் நன்றாகவே போயின. முருகேசன் தங்கைக்குக் கல்யாணம் செய்தான், தானும் செய்துகொண்டான். பெண் குழந்தை பிறந்ததும் தொழில்பேட்டை முழுக்க அல்வா கொடுத்தான்.

அடுத்து வந்த கோடையில், ஒரு நண்பகலில், குளிர்பதனக் கிடங்கு ஒன்றிலிருந்து பாய்க்குப் போன் வந்தது. எந்திரம் நின்றுவிட்டது, உள்ளே இருக்கும் இறைச்சி கெட்டுவிடும் என்றார்கள். கோடையில் உச்சிவெயில் நேரத்தில் வெளியே வேலை செய்யக் கூடாது என்பது இங்கே சட்டம். பாய்க்கு அது தெரியும். பழைய வாடிக்கையாளர், தட்ட முடியவில்லை. “முருகேசா, யல்லா, சட்டுன்னு ஒரு எட்டு பாத்துட்டு வந்துரு” என்றார். அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பாதியில் எழுந்து போனான்.

எந்திரம் கிடங்கின் கூரை மேல் இருந்தது. அங்கே வெளிச்சத்துக்காகப் பதித்திருந்த பிளாஸ்டிக் தகட்டின் மேல் கால் வைத்திருக்கிறான். வெயிலில் நைந்த தகடு. உடைந்து உள்ளே விழுந்தான். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஒரு தார்ப்பாயால் மூடியிருந்தார்கள். பாய் அதை விலக்கி அவன் முகத்தைப் பார்த்தார். பிறகு அங்கேயே சிமெண்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

போலீஸ் நிலைய வாசலில் கலியமூர்த்தி அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

“பாய், அவனாத்தான் போனான்னு சொல்லிருங்க. செத்தவன யாரும் உள்ள புடிச்சிப் போட மாட்டாங்க. நாங்களும் அப்படியே சொல்லிப்புடுறோம்.”

“அவனாப் போகலயேப்பா.”

“உங்களுக்குப் பொண்ணு கல்யாணம் இருக்கு பாய்!”

“நான்தான் போன்னு சொன்னேன். சோத்துல கை வச்சவன எழுப்பி அனுப்புனேன்.”

உள்ளே போய் அதையே சொன்னார். மொழிபெயர்க்க வந்தவர் தயங்கி, “பாய், பக்கா?” என்று இந்தியில் கேட்டாராம். பாய் தனக்குத் தெரிந்த அரபியில் தானே மறுபடியும் சொல்லியிருக்கிறார்.

சிறையில் இருந்தார். வெளியே வந்த பிறகும் நாட்டை விட்டுப் போகத் தடை இருந்தது. முருகேசன் குடும்பத்துக்கு நீதிமன்றம் விதித்த இழப்பீட்டுக்காக உதிரிபாகக் கடையை விற்றார். மகள் திருமணம் கீழக்கரையில் அவர் இல்லாமலே நடந்தது. எங்கள் ரூமில் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து போனில் பார்த்தார். நடுவில் இணைப்பு அறுந்துவிட்டது. மறுபடி போடச் சொல்லி அவர் கேட்கவில்லை.

தடை நீங்கியதும் ஊருக்குக் கிளம்பினார். என்னையும் வரச் சொன்னார். திருச்சியில் இறங்கியதும் கீழக்கரைக்குப் போகாமல் விருத்தாசலத்துக்குக் கார் பிடித்தார். முருகேசனின் மனைவி செல்வி வாசலுக்கு வந்தாள். அவள் முந்தானையைப் பிடித்தபடி குழந்தை நின்றது.

“அந்த வெயில்ல மேல ஏறச் சொன்னது நீங்கதானா?”

“நான்தாம்மா.”

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். திறக்கவில்லை. பாய் அந்த வாசலில் நின்றுகொண்டே இருந்தார். பக்கத்து வீட்டுப் பெரியவர் வந்து, “போயிருங்கய்யா, அது வராது” என்று சொன்ன பிறகுதான் நகர்ந்தார். காரில் நான் ஏதோ ஆறுதல் சொல்லப் போனேன். “பேசாம வா சேகர்” என்றார்.

திரும்பி வந்து, தன்னிடம் முன்பு வேலை பார்த்தவர் நடத்தும் கடையில் விற்பனையாளராகச் சேர்ந்தார். வெள்ளிக்கிழமைகளில் மறுபடியும் ஆட்கள் தேடி வந்தார்கள். பழையபடி திட்டினார், பழையபடி வழியும் சொன்னார். கோடையில் மட்டும் ஒரு புது வழக்கம் வந்தது. பகல் பன்னிரண்டு ஆனதும் எங்கள் கடைக்கு வருவார். ஏணிகளைச் சங்கிலியால் சேர்த்துக் கட்டிப் பூட்டுவார். சாவியை எடுத்துக்கொண்டு போய்விடுவார். வாடிக்கையாளர்கள் கோபித்தார்கள். சிலரை இழந்தோம். நாங்கள் அவரிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

சென்ற ஆண்டு, தொழில் முனைவோருக்கு வழிகாட்டியவர் என்று அவரைக் கௌரவிக்கச் சங்கம் முடிவுசெய்தது. அழைக்க வந்தவர்களிடம், “முருகேசன் வீட்டுக்காரம்மா கையால குடுத்தா வாங்கிக்கிறேன்” என்றார். அவர்கள் வருத்தத்தோடு எழுந்து போனார்கள். விருது வேறொருவருக்குப் போயிற்று. பாய் அந்த விழாவுக்கு வந்து, எங்களோடு உட்கார்ந்து கைதட்டினார்.

உடலை ஊருக்கு அனுப்பவா, இங்கேயே அடக்கவா என்று கேட்டபோது அவருடைய துணைவியார், “இங்க கொண்டாந்து எனக்கு என்ன காட்டப் போறீங்க, அங்கயே அடக்குங்க” என்றார். எனவே நேற்று லுஹர் என்னும் நண்பகல் தொழுகைக்குப் பின் ஷார்ஜாவில் அடக்கம் நடந்தது. கூட்டத்தில் பாதிப் பேர் என்னைப் போன்ற இந்துக்கள். தொழுகையின்போது பின்னால் ஒதுங்கி நின்றோம். மண் போடும் நேரம் வந்தபோது தொழுகை நடத்திய ஹஜ்ரத் எங்களையும் கைகாட்டி அழைத்தார்.

கலியமூர்த்தியின் போனில் கீழக்கரையிலிருந்து அந்த அம்மா பார்த்துக்கொண்டிருந்தார். நான் குனிந்தபோது கேட்டார்.

“தம்பி, மண்ணு சுடுதா?”

மேலே கிடந்த மண் காலைப் பொசுக்கியது. தோண்டி எடுத்துக் குவித்திருந்த மண்ணுக்குள் கையை விட்டேன். அடியில் ஈரம் இருந்தது.

“உள்ள குளிர்ச்சியா இருக்கும்மா.”

“நல்லாப் பாத்துச் சொல்லு.”

“பாத்துட்டேம்மா.”

அவர் போனைக் கீழே வைத்துவிட்டார் போலும். திரையில் ஒரு மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. நான் இரண்டு கை நிறைய அள்ளி, மெதுவாகப் போட்டேன்.

போய் வாருங்கள், பாய்.