உடல் ஒருவர், முந்தி ஒருவர்

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வாசகசாலைக்கென்று இருந்த நூல்களுள் ஒன்று பச்சை அட்டை போட்ட நாவல். அதை எழுதியவரை வெறுக்காத உறுப்பினர் எங்களுள் எவரும் இல்லை. அதை இரண்டு முறைக்குக் குறைவாகப் படித்தவரும் இல்லை. வெறுப்பு ஒரு மனிதனை இத்தனை முறை ஒரே புத்தகத்தை எடுக்க வைக்குமென்பதை அந்நாளில்தான் அறிந்தேன்.

எனக்கு அப்போது வயது பத்தொன்பது. மேடைப் பேச்சில் என்னை விஞ்சுபவர் காஞ்சிபுரத்தில் இல்லை என்பது என் உறுதியான கருத்து. மாகறலில் ஒரு முறை நான் பேசி முடித்தபோது, மழை வந்தும் ஒருவரும் எழுந்து போகவில்லை. கொட்டகைக்கு வெளியே ஒதுங்க இடமில்லாததே காரணம் என்று பின்னர்ச் சிலர் சொன்னார்கள். அதை நான் பொருட்படுத்தவில்லை.

அவ்வாண்டு சென்னையில் நடக்கவிருந்த சொற்பொழிவுப் போட்டிக்கு வாசகசாலைக்கு ஒருவர் வீதம் அனுப்பலாம் என்று கடிதம் வந்தது. நான் போக விரும்பினேன். சின்னக் காஞ்சிபுரத்திலிருந்து நாள்தோறும் எங்கள் வாசகசாலைக்கு நடந்துவரும் பள்ளி உபாத்தியாயரும் போக விரும்பினார். எங்கள் தலைவர் பத்திரப் பதிவு ஆபீஸில் முப்பதாண்டு பணியாற்றி ஓய்வுபெற்றவர். எதையும் விதி எழுதாமல் தொடங்கமாட்டார். அவர் வகுத்த விதி இது: ‘நமக்கு மிகுதியும் ஏமாற்றம் தந்த ஆசிரியர் யார்?’ என்று ஒரு விவாதம் நடக்கும். பேசுவோர் தத்தமக்குப் பிடிக்காத ஆசிரியர் ஒருவர்மீது குற்றஞ்சாட்டலாம். உறுப்பினர்கள் சீட்டில் ஆசிரியர் பெயரை எழுதிப் பெட்டியில் போடவேண்டும். அதிகச் சீட்டு எந்த ஆசிரியருக்கு விழுகிறதோ, அவரை அந்த மேடையில் முதலில் சுட்டிக்காட்டியவர் சென்னைக்குப் போவார்.

அன்றுமுதல் வாசகசாலையில் எவரும் செய்தித்தாள் படிக்கவில்லை. ஒவ்வொருவரும் தம் பகைவரை அலமாரியிலிருந்து இறக்கினர். ஒருவருக்கு, அத்தியாயந்தோறும் கதாநாயகியை மயங்கி விழச்செய்த ஆசிரியர்மேல் கோபம். “தண்ணி தெளிச்சி தெளிச்சி எனக்கே ஜலதோஷம் புடிச்சிக்கிச்சு” என்றார். இன்னொருவர் தறிக்காரர். கரையைத் தனி நிறத்தில் கோர்க்க இருவர் வேண்டிய கோர்வைச் சேலையைக் கதாநாயகி ஒரே நாளில் தனியாக உட்கார்ந்து நெய்து முடித்ததாக எழுதியவரை அவர் மன்னிக்கத் தயாராக இல்லை. “கரையில வர்ற தறி ஓடத்த அந்தப் பக்கம் யாருபா வாங்கறது? கதாநாயகிக்கு மூணு கையா இருக்குது?” என்று போவோர் வருவோரையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் பச்சை அட்டையை எடுத்துக்கொண்டேன். அதன் குற்றங்கள் மேடைக்கென்றே அமைந்தவை. முற்பகுதியில் கும்பகோணத்து வக்கீலாக இருக்கும் கதாநாயகன், பிற்பகுதியில் யாதொரு முன்னறிவிப்புமின்றி மைசூரில் குதிரை வியாபாரம் செய்கிறான். பெரியம்மையில் இரு கண்களையும் இழந்த கதாநாயகி, பிற்பகுதியில் சன்னலோரம் நின்று கடிதம் படித்துக் கண்ணீர் விடுகிறாள். அவளுடைய பெயரும் மாறிவிடுகிறது. இதற்கு எங்கள் உறுப்பினர்களிடையே ஒரு விளக்கம் வழங்கிவந்தது: கலியாணமானதும் மாமியார் வீட்டில் பெயரை மாற்றியிருப்பார்கள். கதாநாயகனின் பெயர் மட்டும் இறுதிவரை ஒன்றாகவே இருந்தது. அது அக்காலத்து நாவல்களில் பாதிக்குமேல் வழங்கிய பெயர் என்பதை நாங்கள் ஒருவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குக் கூட்டம் தொடங்கியது. உபாத்தியாயர் முதலில் பேசினார். இயற்கை வருணனையில் தோய்ந்த ஓர் ஆசிரியரை அவர் தேர்ந்தெடுத்திருந்தார். நிலா உதிப்பதற்கே நான்கு பக்கம் எடுத்துக்கொள்ளும் அந்த ஆசிரியரால், மரத்தடியில் காத்திருக்கும் காதலனுக்கு நரை விழுந்துவிடுமோ என்று தாம் அஞ்சியதாகச் சொன்னார். சிரித்தார்கள். எனக்கு அந்தப் பேச்சு அறவே பிடிக்கவில்லை. அவருடைய வாக்கியங்கள் ஒவ்வொன்றும் பெருமாள் தேர்போல ஆடி அசைந்து நிலைக்கு வருபவை.

பிறகு நான் எழுந்தேன். பச்சை நாவலை இடக்கையில் உயர்த்திப் பிடித்துக்கொண்டேன். “பெரியோர்களே, கண்ணைப் பறித்த ஆசிரியர் அதைத் திருப்பிக் கொடுத்த இடத்தை எனக்குக் காட்டுங்கள். எந்த வைத்தியர் வந்தார்? என்ன மருந்து இட்டார்? வக்கீலுக்குக் குதிரை எங்கிருந்து வந்தது? நம்பிப் படித்த நம்மை நடுத்தெருவில் விட்டுவிட்டு ஓடிப்போன இவரைக் காட்டிலும் ஏமாற்றுக்காரர் தமிழ் எழுத்தில் உண்டோ?” என்றேன். கைதட்டல் அடங்க நெடுநேரமாயிற்று. சென்னைக்கு எந்த வேட்டியைக் கட்டிக்கொண்டு போவது என்றுகூட அந்த இடைவெளியில் முடிவு செய்துவிட்டேன்.

உபாத்தியாயர் உட்கார்ந்தபடியே கேட்டார்: “கண் போயிடுத்துன்னு சொன்னீரே, எத்தனையாவது பக்கத்துல போச்சு ஓய்?”

பக்க எண்களே அந்தப் புத்தகத்தில் இல்லை. அட்டை கட்டியபோது ஓரம் வெட்டியதில் எண்கள் போய்விட்டிருந்தன. அதைச் சொல்ல நான் வாயெடுக்கும்போது, பின்வரிசையில் இருந்து எங்கள் அட்டை கட்டுபவர் எழுந்தார்.

அவர் தொழிலால் நெசவாளர். ஐப்பசி மழையில் தறிக்குழியில் ஈரம் ஏறி வேலை நிற்கும் நாள்களில், செல்லரித்த புத்தகங்களுக்குக் கஞ்சிப்பசை தடவி அட்டை கட்டித் தருவார்.

“அதுவா தம்பி? அது நான் பண்ணதுதான்” என்றார்.

“இன்னாண்ணா பண்ணீங்க?” என்று கேட்டேன்.

“ஒரு கதைக்குப் பின்பக்கம் செல்லு தின்னுட்டுது. இன்னொரு கதைக்கு முன்பக்கமே இல்ல. ரெண்டையும் வெச்சிக்கினு இன்னா பண்றது? ஒண்ண உடலா வெச்சி, இன்னொண்ண முந்தியா பிணைச்சிட்டேன். பச்சை உடலுக்கு அரக்கு முந்தி போட்டா யாராவது நெய்தவன திட்றாங்களா?”

சேலையில் அது முறைதான். உடலின் நிறம் முடிந்து முந்தானையாகிய முந்தியின் நிறம் தொடங்குமிடத்தில், பாவு இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைத்துத்தான் எங்கள் ஊரில் நெய்வார்கள். நாவலுக்கும் அதுவே முறை என்று அவர் கருதியதில் கள்ளமில்லை.

தலைவர் கேட்டார்: “ஏம்பா, மூணு வருஷமா எல்லாரும் அந்த ஆளத் திட்டிக்கினு இருந்தாங்களே, ஏன் சொல்லல?”

“யாரும் கேக்கலயே ஐயா. பிணைச்ச எடம் தெரியுதா தெரியலையான்னு பாத்துக்கினு இருந்தேன். ஒருத்தர் கண்ணுக்கும் படல.” அவர் முகத்தில் இருந்த மகிழ்ச்சியை, நல்ல சேலையை மடித்து வைக்கும்போது மட்டுமே அதற்குமுன் பார்த்திருக்கிறேன்.

எனக்குப் பதிலுரைக்கு மூன்று நிமிடம் இருந்தது. மேடையில் நிற்கும்போது காலுக்குக்கீழ் பலகை விலகினால், விலகிய பலகையையே பேசுபொருளாக்கவேண்டும் என்பது நான் பயின்ற கலை. “பெரியோர்களே, என் குற்றச்சாட்டு இப்போது இருமடங்காகிறது. ஓர் ஆசிரியரின் பாதியை எடுத்துவிட்டு இன்னொருவரின் பாதியைச் சேர்த்தும் மூன்றாண்டுகள் ஒருவருக்கும் தெரியவில்லை என்றால், அந்த இருவருள் எவருக்கும் சொந்தக் குரல் இல்லை என்பது வெளிப்படை. எழுத்தாளனின் குற்றங்களுள் இதைவிடப் பெரியது எது? என்னுடைய ஒரு வாக்கியத்தைக் கொண்டுபோய் எவருடைய எழுத்தில் கலந்தாலும், அது தனித்துத் தெரியும்” என்று முடித்தேன். இரண்டாம் முறையும் கைதட்டினார்கள்.

தலைவர் மணியை அடித்தார். “நல்லது. ஆனால் குற்றவாளி உடல் எழுதியவரா, முந்தி எழுதியவரா? முந்தி எழுதியவரின் பெயர் என்ன?”

முந்தியின் முகப்புத் தாள் என்றோ போய்விட்டது. பெயர் எவருக்கும் தெரியாது. பாதிப் பெயரோடு எந்தப் பத்திரத்தையும் தாம் பதிந்ததில்லை என்று தலைவர் சொன்னார். சீட்டெழுதும் வேலை தொடங்கிற்று.

பெட்டியைத் திறந்து எண்ணியபோது, நிலா எழுதியவருக்குச் சில சீட்டுகள் இருந்தன. பச்சை நாவலின் உடலுக்குரியவருக்குச் சில. மிகுதியானவற்றில் ‘நம்ம அட்டை கட்டறவரு’ என்று எழுதியிருந்தது.

தலைவர் நீண்டநேரம் விதிகளைப் படித்துப் பார்த்தார். இந்த வடிவில் இந்தப் புத்தகத்தை உலகில் உண்டாக்கியவர் இவரே. ஆகவே இவர் ஆசிரியர். மூன்றாண்டுகள் நமக்கு ஏமாற்றம் தந்தவரும் இவரே. இவரை இந்த மேடையில் முதலில் சுட்டிக்காட்டியவர் யார்? நடவடிக்கைக் குறிப்பைப் புரட்டினார். ‘அது நான் பண்ணதுதான்’ என்ற வாசகம் அதில் பதிவாகியிருந்தது. ஆகவே, தம்மைத் தாமே சுட்டிக்காட்டிய அவரே சென்னைக்குப் போகவேண்டும் என்று தீர்ப்பாயிற்று. அட்டை கட்டுபவர் எல்லோரையும் கும்பிட்டார். தம்மை ஆசிரியர் என்று அழைத்ததை மட்டும் இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை என் வீட்டு வாசலில் வந்து நின்றார். “மேடையில இன்னா பேசறதுன்னு தெரியல தம்பி. எழுதிக் குடுபா.” போட்டிக்குரிய பொருள், நூல் கற்பதன் பயன். எனக்கு வருத்தம் இருந்தது. எனினும் என் சொற்களாவது சென்னையை அடையட்டும் என்று மூன்று நாள் உழைத்து எழுதிக்கொடுத்தேன். உபாத்தியாயரிடமும் அவர் அதே வேண்டுகோளை வைத்திருந்தார் என்பதும், அவரும் எழுதிக்கொடுத்தார் என்பதும் எனக்குத் தெரியாது.

அடுத்த வாரம் திரும்பி வந்தார். வாசகசாலையில் நானும் உபாத்தியாயரும் இருந்தோம்.

“பரிசு கெடைக்கல. ஆனா நல்லா கேட்டாங்க. தம்பியோடது முன்பக்கம் நல்லா இருந்திச்சி. சாரோடது பின்பக்கம் நல்லா இருந்திச்சி. பிணைச்சிட்டேன்” என்றார்.

“யாரும் கண்டுபுடிக்கலயாண்ணா?” என்று கேட்டேன். என் குரல் எனக்கே தாழ்வாகக் கேட்டது.

“ஒருத்தர் கண்ணுக்கும் படலபா.”

அவர் கையால் படியெடுத்திருந்த தாளை வாங்கிப் படித்தேன். நடுப்பகுதியில் ஒரு வாக்கியம் என்னை நிறுத்தியது: ‘படித்ததை மறந்தாலும் படித்தவன் பழைய ஆள் இல்லை.’ இதை நான் எழுதினேன் என்பதில் எனக்கு ஐயமே எழவில்லை. அந்தச் சுருக்கமும் மிடுக்கும் வேறு எவருக்கு வரும்? “இது வரைக்கும் என்னுடையது” என்று விரலை வைத்தேன்.

உபாத்தியாயர் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு குனிந்தார். “நன்னாயிருக்கு. அது நான் எழுதினதாக்கும். அதுலேர்ந்துதான் என்னோடது ஆரம்பம்.”

இருவரும் குரலை உயர்த்தத் தொடங்கினோம். அட்டை கட்டுபவர் எங்கள் நடுவே தலையை நீட்டித் தாளைப் பார்த்தார்.

“எந்த எடம்? அதுவா,” என்றார். “அது ரெண்டு பேரோடதும் இல்ல. பிணைக்கிறதுக்கு நான் போட்ட இழை.”