சீனிவாசன் வீட்டு கேபிள்

இந்த மாதம் மட்டும் என் லைனில் பதினோரு வீட்டார் கேபிளை நிறுத்திவிட்டார்கள். பத்து பேர் எப்படியோ போகட்டும். பதினோராவது வீடு ஓரிக்கை சீனிவாசன் வீடு. பட்டு நெய்கிறவர், வயது ஐம்பத்தாறு. அது எப்படிக் கைவிட்டுப் போனது என்று நினைத்தால் இன்னும் எரிச்சலாக வருகிறது.

இருபது வருடமாக மாதம் தவறாமல் கேபிளுக்குப் பணம் கட்டிய மனுஷன், ஒரு நாளும் டிவி பார்த்ததில்லை. தறி ஜன்னல் பக்கம் இருந்தது, டிவி அவர் முதுகுக்குப் பின்னால். சீரியல் நடிகைகளைக் குரலை வைத்தே அடையாளம் சொல்வார். முகத்தைக் காட்டினால் ஒருத்தியையும் தெரியாது. பக்கத்தில் அவர் மனைவி ரேணுகாம்பாள் உட்கார்ந்து கரைக்கு நூல் சுற்றிய நாடாவைத் தள்ளுவார். கரையும் உடலும் வேறு வேறு நிறத்தில் கோக்கிற கோர்வைச் சேலைக்கு இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் கையை நிறுத்தினால் மற்றவரும் நிறுத்தியாக வேண்டும்.

மூன்று வருடத்துக்கு முன் மகள் துர்கா அரக்கோணத்துப் பையன் ஒருவனைச் சர்ச்சில் கல்யாணம் செய்துகொண்டாள். அவள் பேரையே வீட்டில் எடுக்கக்கூடாது என்று சீனிவாசன் சொல்லிவிட்டார். அவர் ஒரு முறை மகள் வீட்டு வாசலை மிதிக்க வேண்டும், ரேணுகாம்பாளுக்கு வேண்டியது அவ்வளவுதான். பாவம் அந்த அம்மாள். இதையெல்லாம் கேட்க கேபிள்காரன் யார் என்று நான் பணத்தை வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன்.

கெடுத்தது மகன் சரத்குமார். "யாருமே பாக்காத டிவிக்கு எதுக்குப்பா மாசம் இருநூத்தம்பது? சவுண்டுதானே வேணும், போன்லயே வரும்" என்று ஒரு ஸ்பீக்கரை வாங்கி வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டான். பெரிய விஞ்ஞானி. போன் கொஞ்ச நேரம் ஓடும், பிறகு 'இன்னும் பார்க்கிறீர்களா?' என்று கேட்டு நின்றுவிடும். தொட்டால்தான் மறுபடி ஓடும். நாலு கையும் தறியில் இருக்கும்போது யார் தொடுவது?

மூன்றாம் நாள் செட்டாப் பாக்ஸைத் திரும்ப வாங்கப் போனேன். அப்படித்தான் சொல்லிக்கொண்டு போனேன். ஒரு மாதம் இலவசம் என்று ஆசை காட்டி மனசை மாற்றுவதுதான் திட்டம். போன் அப்போதுதான் நின்றிருந்தது. தறிச் சத்தம் மட்டும் கேட்டது.

"வாப்பா பிரேமு" என்றார் ரேணுகாம்பாள், நாடாவைத் தள்ளிக்கொண்டே. "துர்காவுக்கு ஏழாவது மாசம்."

இதை ஏன் என்னிடம் சொல்கிறார் என்று விழித்தேன். சீனிவாசன் கை நின்றது. அதனால் அந்த அம்மாள் கையும் நின்றது.

"யாருக்கு?" என்று சீனிவாசன் என்னைக் கேட்டார்.

"உம் பொண்ணுக்கு" என்றார் மனைவி.

"ஏழு மாசம் வரைக்கும் சொல்லாம என்னாத்துக்கு மூடிக்கினு இருந்த?"

"நாலு மாசமா சொல்லிக்கினுதான் இருக்கேன். நான் வாயத் தொறந்தாலே நீ சவுண்ட ஏத்திடுற."

ரிமோட் இன்னும் அவர் தொடைப் பக்கத்தில்தான் கிடந்தது, பிளாஸ்டிக் உறையோடு. அதை எடுத்துக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார். எனக்குப் போய்விடலாம் போலிருந்தது.

"ஒரு மாசம் ஃப்ரீண்ணா" என்றேன். அதற்குத்தானே வந்தேன்.

"வேணாம்பா. இதையும் எடுத்துக்கினு போ" என்று ரிமோட்டை நீட்டினார். பிறகு, "அரக்கோணத்துக்கு மொத பஸ் எப்பப்பா?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் ரேணுகாம்பாள் சொன்னார்: "ஆறு பத்துக்கு. அமாவாசைன்னா கும்பலா இருக்குது, அஞ்சே முக்காலுக்கே போயிடணும். இடது பக்கம் உக்காந்தா வெயில் அடிக்காது."

அமாவாசை அன்று தறி ஓடாது. மூன்று வருடமாக ஒவ்வொரு அமாவாசைக்கும் மாகறல் கோயிலுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்புகிறவர் ரேணுகாம்பாள். அரக்கோணம் பஸ் மாகறலுக்குப் போகாது.

சீனிவாசன் திரும்பி மனைவியைப் பார்த்தார்.

"ரெண்டு பேருக்கும் சீட்டு கெடைக்குமா?" என்று கேட்டார்.