உள்ளங்காலைப் பார்க்கச் சொன்னவர்

வெட்டையில் தேங்கிய மழைத்தண்ணீர் மாசி பிறந்தும் வற்றாமல் கிடந்த வருடம் இது. எங்கள் சிவலைப் பசு இரட்டைக் கன்று ஈன்றதும், படகுத்துறைக் கூரையைக் காற்றுப் பிடுங்கிக்கொண்டு போனதும் இதே வருடந்தான். கூரையில்லாத அந்தத் துறையில் நான் பால் கானை ஏற்றிக்கொண்டு நின்றபோது படகோட்டி சொன்னான்:

"அப்பு, உங்கடை ரத்த மிஸ் வேலணையில மோசம் போயிட்டாவாம். நாளைக்குப் பிரேதம் எடுக்கினமாம்."

கானை இறக்கி வைத்துவிட்டு அப்படியே கல்லில் குந்திவிட்டேன்.

பத்மாவதி மிஸ் எங்கள் நெடுந்தீவு ஆஸ்பத்திரியில் இரத்தம் பரிசோதிப்பவராக இருந்தவர். இரண்டு வருடத்துக்கென்று இடமாற்றத்தில் வந்து பதினொரு வருடம் இருந்தார். அவரைத் தெரியாதவர்களும் அறியட்டும் என்றுதான் இதைச் சொல்லுகிறேன். எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது, சொல்லி எழுதுவிக்கிறேன். ஆனால் காதால் கேட்டது எதையும் நான் மறந்ததில்லை.

என் மகள் சறோஜினி முன்பள்ளி ஆசிரியை. அவளுடைய இருபத்தாறாவது வயதில் ஒரு கண் மங்கியது. பிறகு இடது கால் மரத்தது. யாழ்ப்பாணத்துப் பெரிய டொக்டர் தலையைப் படம் எடுத்துப் பார்த்து, மல்டிபிள் ஸ்கிளெரோசிஸ் என்றார். உடம்பைக் காக்க வேண்டிய வெள்ளை அணுக்களே நரம்பின் மேலுறையை அரிக்கிற வருத்தமாம். வரும், அடங்கும், திரும்ப வரும். நியூட்ரோபில், லிம்போசைற் என்று இரண்டு வகை அணுக்கள் இருக்கின்றன, ஒன்றுக்கு மற்றது எத்தனை மடங்கு என்று பார்த்தால் உள்ளே இருக்கும் அழற்சி தெரியலாம் என்று ஆராய்கிறார்கள், இன்னும் உறுதியில்லை, என்றாலும் இரத்தம் எடுக்கும்போதெல்லாம் குறித்துக்கொண்டு வாருங்கள் என்று ஒரு துண்டும் தந்தார்.

துண்டைக் கொண்டுபோய் மிஸ்ஸிடம் கொடுத்தேன். அப்போது எங்கள் தீவில் எண்ணும் இயந்திரம் இல்லை. அவர் நுணுக்குக்காட்டிக்குள் பார்த்தபடி, கட்டைகள் வைத்த ஒரு சின்னப் பெட்டியை விரலால் அமுக்கி அமுக்கி எண்ணுவார். நூறு அணு ஆனதும் மணி அடிக்கும். நியூட்ரோபில் கட்டை அமுக்குப்பட்டுத் தேய்ந்திருந்தபடியால் 'டொக்' என்னும். லிம்போசைற் கட்டை 'டிக்' என்னும். நான் வெளியே வாங்குப் பலகையில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

மூன்றாவது முறையோ என்னவோ, மிஸ் கடதாசியோடு வெளியே வர, நான் முந்திவிட்டேன்.

"ரெண்டுக்கு ஒண்டுதானே மிஸ்?"

"யன்னலாலை எட்டிப் பாத்தனீங்களோ அண்ணை?"

"இல்லை, காதாலை எண்ணினனான்."

"அப்ப நான் வீட்டை போய்க் குசினியிலை சமையலைப் பாக்கிறன். நீங்கள் இதிலை இருந்து எண்ணுங்கோ."

ஒருமுறை யாழ்ப்பாணத்தில் பலத்த மருந்து ஏற்றி வந்த கிழமையில் டொக் கூடிவிட்டது. "பயப்பிடாதையுங்கோ, அது மருந்து ஏத்தி விட்டது" என்று சொல்லி, எனக்குத் தன் தேத்தண்ணீரில் பாதியை ஊற்றித் தந்தார். அப்படியான மனிசி.

வருத்தம் வந்து ஐந்தாவது வருடம், சறோஜினியின் இடது கால் திரும்பவும் இழுபடத் தொடங்கியது. இரத்தம் கொடுத்தோம். நான் வாங்கில் இருந்து எண்ணினேன். எட்டு டொக்குக்கு ஒரு டிக். மிஸ் வந்து, "கூடித்தான் இருக்கு அண்ணை" என்றார். அவர் முகம் பார்க்க நான் நிற்கவில்லை. பழைய வருத்தம் வந்துவிட்டது, திரும்ப மருந்து ஏற்ற வேண்டும், இந்தமுறை கால் போனால் போனதுதான் என்று நானே முடிவெடுத்துவிட்டேன்.

அடுத்தநாள் காலைப் படகில் மகளை ஏற்றினோம். என் மனிசி உடுப்புப் பையை மடியில் வைத்து அழுதுகொண்டிருந்தாள். இப்போதைய படகோட்டியின் தகப்பன் நடராசாதான் அப்போது படகு ஓட்டினவர். அவர் கயிற்றில் கை வைக்க, சைக்கிளில் மிஸ் வருகிறார்.

"நடராசண்ணை, கயித்தை அவிட்டுப் போடாதையுங்கோ!"

"மிஸ், ஆக்கள் பேசப்போகினம்."

"பேசட்டும். என்னைப் பேசச் சொல்லுங்கோ."

மூச்சு வாங்க வந்து என் முன்னால் நின்றார். "அண்ணை, நேற்று நான் பிழை விட்டிட்டன். எண்ணிச் சொன்னனே தவிர, கேக்கவேண்டியதைக் கேக்கேல்லை. இந்தக் கணக்கு உடம்பிலை எங்கையோ எரியுது எண்டு மட்டுந்தான் சொல்லும். எங்கை எண்டு சொல்லாது."

பிறகு மகளிடம் திரும்பினார்.

"பிள்ளை, காய்ச்சல் காய்ஞ்சதோ?"

"கொஞ்சம் குளிர்ந்தது மிஸ்."

"பல்லு நோகுதோ? மூத்திரம் எரியுதோ?"

"இல்லை."

"செருப்பைக் கழட்டும்."

"கால் நோகேல்லை மிஸ்."

"உமக்கு அந்தக் கால் நோகாது. அதுதான் கழட்டச் சொல்லுறன்."

மரத்த காலின் உள்ளங்காலில், குதிக்குப் பக்கத்தில், மதில்கல் சில்லு ஒன்று ஏறிச் சீழ் கட்டியிருந்தது. எத்தனை நாளாக இருந்ததோ, பிள்ளைக்குத் தெரியவே இல்லை. என் மனிசி தலையில் அடித்துக்கொண்டாள். பையோடு திரும்ப ஆஸ்பத்திரிக்கே போனோம். டொக்டர் கீறிச் சில்லை எடுத்து, கிருமிக்கு மருந்து தொடங்கிவிட்டு, யாழ்ப்பாணத்துக்குப் போன் எடுத்தார். கிருமி பிடித்தால் பழைய பலவீனம் தலை தூக்கும், அதைக் காணாமல் அந்தப் பலத்த மருந்தை ஏற்றியிருந்தால் சீழ் பரவி உயிருக்கே வந்திருக்கும் என்று பெரிய டொக்டர் சொன்னாராம். இரண்டு கிழமையில் கால் பழையபடி மண்ணை ஊன்றியது. டொக்கும் டிக்கும் இரண்டுக்கு ஒன்றாயின.

"பின்னேரம் பின்னேரம் உள்ளங்காலைப் பாருங்கோ" என்பது மிஸ்ஸின் கட்டளை. அன்றிலிருந்து யாருக்கு நியூட்ரோபில் ஏறினாலும் விடமாட்டார். இருமலுக்கு வந்த தபால் அதிபரையே சப்பாத்தைக் கழற்ற வைத்தவர். "எனக்கு நெஞ்சிலையெல்லோ வருத்தம்" என்று அந்த மனிதர் முறைத்தது இப்பவும் காதில் நிற்கிறது.

வேலணைக்குச் செத்தவீட்டுக்குப் போனோம். பஸ் நிற்கும் இடத்திலிருந்து அவர் வீட்டு வாசல்வரை சறோஜினி பொல்லை ஊன்றித் தானாகவே நடந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் மிஸ்ஸின் காலடியில் நின்றாள். வெளியே வந்ததும் கதிரையில் இருந்து, நான் கேளாமலே உள்ளங்காலைத் திருப்பிக் காட்டினாள். வேலணை மணல்தான் ஒட்டியிருந்தது. தட்டிவிட்டேன்.

போய் வாருங்கள் மிஸ். நீங்கள் எண்ணியது ஒன்றும் பிழையாகவில்லை.

அன்று காலை படகுத்துறையில் நின்றவர்களில் நடராசா போய்விட்டார். என் மனிசி போய்விட்டாள். இப்போது நீங்களும். கிழவன் என்னை விட்டால் மிச்சம் ஒருத்திதான்: நான் சொல்லச் சொல்ல இதை எழுதிக்கொண்டிருக்கும் என் மகள் சறோஜினி.